பன்னிரண்டாவது மாணவி

கலைப்புலத்தில் அவரை எல்லோரும் முதன்மை மேடம் என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரை எந்த ஆண்டு மாணவர்கள் சூட்டினார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். வழி தெரியாமல் மெய்யியல் துறைக்குள் தலையை நீட்டியவனைக்கூட உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "நீ ஏன் மெய்யியலை முதன்மைப் பாடமா எடுக்கக் கூடாது?" என்று கேட்டுவிடுவார். மின்விசிறியைப் பழுதுபார்க்க ஏணியில் ஏறி நின்ற ஆளிடமும் அப்படிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. "கேட்டா என்ன தப்பு? திருப்புளியைக் கையில வச்சுக்கிட்டே அந்த ஆள் நல்லாத்தான் யோசிச்சார்," என்பார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் கலைப்புலத்து மாணவர் ஒவ்வொருவரும் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு முதன்மைப் பாடத்தையும் ஒரு துணைப் பாடத்தையும் அறிவிக்க வேண்டும். இவை போதாதென்று சில துறைகளுக்குள் சிறப்புப் பிரிவுகளும் இருந்தன. விதிமுறைப் புத்தகம் இவற்றைப் பக்கம் பக்கமாக விளக்கியது. மாணவர்களோ ஒரே மூச்சில் விளக்கிவிடுவார்கள்: முதன்மைப் பாடம் பட்டச் சான்றிதழில் பெரிய எழுத்தில் வரும், துணைப் பாடம் அதன் கீழே சின்ன எழுத்தில் வரும், சிறப்புப் பிரிவு அடைப்புக்குறிக்குள் ஒண்டிக்கொள்ளும். மேடத்தின் பணிக்காலம் முழுவதும் இந்த மூன்று எழுத்தளவுகளுக்கு நடுவில்தான் கழிந்தது.

மெய்யியலுக்குக் கூட்டம் இல்லாமல் இல்லை. அவருடைய வகுப்பில் ஜன்னல் திட்டிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அத்தனை பேரும் துணைப் பாடக்காரர்கள். பொருளாதாரம் படிக்கிறவன், புவியியல் படிக்கிறவள், மொழியியலில் அலுத்துப்போனவன் என்று எல்லோருக்கும் மெய்யியல் பிடித்திருந்தது. யாருக்கும் அது பெரிய எழுத்தில் வேண்டியிருக்கவில்லை. துறையின் இரண்டாவது விரிவுரையாளர், தருக்கம் கற்பித்ததால் லாஜிக் என்று பெயர் வாங்கிய இளைஞர், இதை வேறுவிதமாகச் சொல்வார்: "எல்லாரும் விருந்தாளியா வர்றாங்க மேடம். ஒருத்தரும் குடித்தனம் வரமாட்டேங்கறாங்க."

மேடம் அப்படி ஒரு காலத்தில் குடித்தனம் வந்தவர். தாயை இளவயதிலேயே இழந்த வீட்டில், தங்கைக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கொதித்த உலையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் கல்லூரிக்குப் பேருந்து பிடிப்பார். பேருந்து நடத்துநரான அப்பா, "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டபோது, "இதைப் படிக்கிறதே வேலைதான்ப்பா," என்று பதில் சொன்னதை அந்தக் குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். பின்னாளில் அதே துறைக்குத் தலைவராகவும் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவரை மணந்தார். பிள்ளை இல்லை. தங்கையின் மகளைத்தான் தன் மகளாக வளர்த்தார் என்று சொன்னால் மிகையில்லை. அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். ஐந்து வயதில் பெரியம்மாவின் விடைத்தாள் கட்டின் மேல் ஏறி உட்கார்ந்து எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு போட்டவள் என்பதால் வந்த பெயர்.

சிக்கல் புலத்தலைவரின் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கியது. ஒரு முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டில் பன்னிரண்டு பேராவது எடுக்காவிட்டால், அது முதன்மைப் பாடமாக நீடிக்காது. பண்பாட்டுக் கல்வி என்ற புதிய துறைக்குள் ஒரு சிறப்புப் பிரிவாக இணைக்கப்படும். துணைப் பாட மாணவர்கள் கணக்கில் சேரமாட்டார்கள்.

"சேரமாட்டாங்கன்னா என்ன அர்த்தம்?" என்று மேடம் புலக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "என் வகுப்புல உக்கார இடம் இல்லை. அவங்கல்லாம் என்ன, ஆவியா?"

புலத்தலைவர் குரலை உயர்த்தாத மனிதர். அதுதான் அவரிடம் எல்லோருக்கும் இருந்த பயம். "மேடம், உங்க துணைப் பாட மாணவரை அவரோட முதன்மைத் துறை ஏற்கெனவே எண்ணியாச்சு. ஒண்ணை ரெண்டு இடத்துல எண்ணக் கூடாதுங்கறது நம்ம விதிதானே. அதை எழுதினது யாருன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும்."

இருந்தது. முதன்மைப் பாடத்துக்குக் கணக்கில் எடுத்த ஒரு தாளைத் துணைப் பாடத்துக்கும் காட்டி மாணவர்கள் தப்பிக்கிறார்கள் என்று, பல ஆண்டுகளுக்கு முன் விதிமுறைக் குழுவில் கொதித்தெழுந்து, அந்த வாசகத்தைத் தன் கையாலேயே எழுதியவர் அவர்தான். தாளுக்காக எழுதியது இப்போது ஆளுக்கு வந்து நின்றது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

பாட அறிவிப்பு வாரம் வந்தது. கலைப்புலத்தின் நீண்ட தாழ்வாரத்தில் ஒவ்வொரு துறையும் ஒரு மேசை போட்டு ஆள் பிடிக்கும் வாரம் அது. புவியியல்காரர்கள் ஓர் உலக உருண்டையைச் சுழலவிட்டார்கள். வரலாற்று மேசையில் பழைய நாணயங்கள் கண்ணாடிக்கு அடியில் மினுங்கின. மெய்யியல் மேசையில் மேடமும் லாஜிக்கும் ஒரு டப்பா மிட்டாயும் இருந்தார்கள்.

"மிட்டாய் நல்லா போகுது மேடம்," என்றார் லாஜிக் இரண்டாம் நாள்.

"ஆள்?"

"ஆளும் நல்லாத்தான் போறாங்க. நேரா வரலாற்று மேசைக்கு."

வார முடிவில் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள். கணக்கெடுப்புக்கு இரண்டு நாள் இருந்தது.

வாலுவும் அந்த ஆண்டுதான் இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தாள். அறிவிப்பு வாரத்தின் முதல் நாளே வரலாற்றை முதன்மையாகவும் மெய்யியலைத் துணையாகவும் அறிவித்துவிட்டாள். அதில் அவளுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அவள் சின்ன வயது முதலே பிடித்த பிடி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டுமானால், பள்ளியில் கற்பிக்கப்படும் ஒரு பாடத்தை முதன்மையாகப் படித்திருக்க வேண்டும். மெய்யியலை எந்தப் பள்ளியிலும் கற்பிப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். மேடத்துக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

இருந்தும் அன்று மாலை அவர் தங்கையின் வீட்டுக்குப் போனார். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. தங்கை பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் நின்றுவிட்டு வந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மேடமும் உட்கார்ந்து உரித்தார். பாதி உரித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பேருக்குத்தான் வாலு மெய்யியலை முதன்மையா எடுக்கணும். எண்ணற நாள்வரைக்கும் அறிவிப்பைத் திருத்திக்கலாம். எண்ணி முடிச்சதும் மறுபடி வரலாறுக்கே மாத்திக்கலாம். ரெண்டாம் வருஷம் முடியறவரைக்கும் மாத்தறதுக்கு விதி இருக்கு. வரலாறு அதுவரை துணைப் பாடமா இருக்கும், ஒரு தாளும் வீணாகாது."

தங்கை பட்டாணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லையேக்கா?"

"விதிமுறையில பாதி நான் எழுதினது. என்கிட்டயே கேக்கறியா?"

"இல்லக்கா, சும்மாதான் கேட்டேன்." தலை வாரிவிட்ட அக்காவிடம் அதற்கு மேல் அவளால் கேட்க முடியாது.

உள்ளறையிலிருந்து வாலு எட்டிப் பார்த்தாள். "அப்போ நான் வாடகை மாணவி. பெரியம்மா, வாடகை என்ன தருவீங்க?"

"உதை தருவேன்."

"அதை சொந்தக்காரியா இருக்கறப்பவே குடுத்துட்டீங்களே. புதுசா ஏதாவது சொல்லுங்க." சொல்லிவிட்டு வந்து பெரியம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். "சரி, எழுதிக்கோங்க. ஆனா சீக்கிரம் திருப்பிக் குடுத்துடணும் என்னை."

"பச்சைப் பட்டாணி மாதிரி உரிச்சுக் குடுத்துடறேன்டி."

கணக்கெடுப்பு நாளில் மெய்யியலுக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். லாஜிக் ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கி வந்து துறை முழுக்க விநியோகித்தார். துறை முழுக்க என்றால் மேடத்துக்கு நான்கு, தனக்கு நான்கு.

இங்கே அந்தக் கலைப்புலத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முதன்மைப் பாடத்தை மாற்ற விரும்பும் மாணவர் கணினியில் கோரிக்கை வைக்க வேண்டும். சேரப்போகும் துறைத் தலைவரும், விட்டுப்போகும் துறைத் தலைவரும் தங்கள் திரையில் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் கோரிக்கை பச்சையாகும். காத்திருக்கும்வரை மஞ்சளாக இருக்கும். கடைசி நாளுக்குள் யாரும் தொடாவிட்டால் சாம்பல் நிறமாகிவிடும். அதற்குக் காலாவதி என்று பெயர். மறுக்கவும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் காரணம் எழுத வேண்டும். எழுதிய காரணத்தின் மேல் மாணவர் முறையீடு செய்யலாம். காலாவதிக்குக் காரணமும் வேண்டாம், அதன் மேல் முறையீடும் கிடையாது. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை அல்லவா? ஆகவே அந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் எதையும் மறுத்ததே இல்லை. புலத்தலைவர் அலுவலகம் இந்தக் கலையில் கைதேர்ந்தது. "என்னை காலாவதி பண்ணிட்டாங்க" என்று மாணவர்கள் படிக்கட்டில் நின்று புலம்புவது அன்றாடக் காட்சி. மேடத்துக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "முடியாதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல வக்கில்லாதவங்க," என்பார். வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

வாலு தன் கோரிக்கையை அடுத்த வாரமே வைத்தாள். வரலாற்றுத் துறை அன்றே பச்சை காட்டியது. அதே வாரம் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது: சில துறைகள் ஆள் இரவல் வாங்கி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பதாகத் தெரிகிறது, எனவே, பாட மாற்றத்துக்கான கடைசி நாள் முடிந்த மறுநாள் மீண்டும் எண்ணப்படும்.

மேடம் அதை இரண்டு முறை படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "இன்னொரு ஆளைப் பிடிச்சுட்டு இவளை விட்டுடலாம்," என்றார் லாஜிக்கிடம். "வருஷம் முழுக்க இருக்கே."

அவர் உண்மையாகவே தேடினார். பொருளாதாரத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஒருவனை மூன்று மாதம் கெஞ்சினார், அவன் தேறிவிட்டான். மொழியியலில் ஒரு பெண் கிட்டத்தட்டச் சம்மதித்தாள், அவளுடைய அப்பா நேரில் வந்து, "நாங்க என்னம்மா உங்களுக்குக் கெடுதல் பண்ணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கிடையில் வாலு கைப்பேசியில் அவ்வப்போது எழுதுவாள். 'பெரியம்மா, நான் இன்னும் மஞ்சள்.' பிறகு, 'மஞ்சள் எனக்கு பொருந்தலை பெரியம்மா.' பிறகு கிண்டலில்லாமல், 'எப்போ பண்ணுவீங்க?' மேடம் ஒவ்வொரு முறையும், 'பண்ணிடறேன்டா' என்று பதில் எழுதினார். எழுதும்போதெல்லாம் அது பொய் இல்லை.

கடைசி நாள் வந்தபோது பதினொரு பேரும் வாலுவும் இருந்தார்கள்.

காலையிலிருந்தே அந்தத் திரை மேடத்தின் எதிரில் திறந்திருந்தது. மஞ்சள் பட்டையில் வாலுவின் பள்ளிப் பெயர் இருந்தது. வீட்டில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயர், யாரோ ஒருத்தியுடையதுபோல இருந்தது. கணவர் கடையிலிருந்து அழைத்தார்.

"வாலு விஷயம் முடிஞ்சுதா?"

"முடிச்சுடறேங்க."

"சொல்லிட்டே இருக்கியே. விரலாலதானே அழுத்தணும்? இல்ல உலக்கையால அழுத்தணுமா?"

"வைங்க. வேலை இருக்கு."

லாஜிக் வாசலில் நின்றார். அவர் எதையும் நேராகச் சொல்கிறவர் இல்லை, அன்று சொன்னார். "மேடம், கடவுச்சொல்லைக் குடுங்க, நான் அழுத்தறேன். துறை போனா நான் வேற வேலை தேடிக்கறேன். அந்தப் பொண்ணு வேற வயசைத் தேடிக்க முடியாது."

"நானே பாத்துக்கறேன்," என்றார் மேடம். "எனக்கு வகுப்பு இருக்கு. வந்து பண்றேன்."

அன்றைய வகுப்பு அவர் எடுத்ததிலேயே சிறந்தது என்று அன்று உட்கார்ந்திருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஒரு செயலுக்கும் அதைச் செய்யாமல் விடுவதற்கும் உள்ள வேறுபாடு பற்றிய பாடம். ஜன்னல் திட்டுகள் நிறைந்திருந்தன. மணி அடித்த பிறகும் ஒருவன் கை தூக்கினான். மேடம் பதில் சொன்னார். இன்னொருத்தி தூக்கினாள். வழக்கமாக மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிடும் அவர் அன்று ஒவ்வொருவரையும் தேடித் தேடி, "வேற யாராவது?" என்று கேட்டார். அலுவலகங்கள் மூடும் நேரம் தாண்டியது. கடைசி மாணவனும் போன பிறகு கரும்பலகையைத் தானே அழித்தார், மூலை முடுக்கெல்லாம்.

துறைக்குத் திரும்பியபோது பட்டை சாம்பலாகியிருந்தது.

அவர் மறுக்கவில்லை. ஒப்புதலும் தரவில்லை. வகுப்பு நீண்டுவிட்டது.

"வகுப்பு நீண்டுடுச்சுடா," என்றுதான் வாலுவிடம் அப்படியே சொன்னார். துறை அறையில், எதிரெதிர் நாற்காலியில்.

"பெரியம்மா, முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மேல போய்க் கேட்டிருப்பேன்."

"முடியாதுன்னு நான் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன்."

மறுநாள் எண்ணினார்கள். பன்னிரண்டு இருந்தது. லாஜிக் பிஸ்கட் வாங்கி வரவில்லை. ஆண்டு முடிந்ததும் வேறு கல்லூரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது மேடத்தின் மேசை மேல் தான் தாள் திருத்தப் பயன்படுத்திய சின்ன விளக்கை மட்டும் விட்டுச் சென்றார்.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய துறை அடுத்த ஆண்டு பாட அறிவிப்பு வாரத்தில் ஒன்பது பேரோடு நின்றது. மெய்யியல் பண்பாட்டுக் கல்விக்குள் ஒரு சிறப்புப் பிரிவானது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் பட்டம் புதிய பெயரில்தான் வரும் என்று அறிவித்தார்கள். அது அநியாயம் என்று மேடம் புலத்தலைவருக்கு ஒரு முறையீடு வைத்தார். பழைய மாணவர்களுக்கு மட்டுமாவது பழைய பெயர் வேண்டும் என்று விதி எண்களோடு, பிசிறில்லாமல் எழுதினார். அது சில வாரம் மஞ்சளாக இருந்தது. பிறகு சாம்பலானது. நேரில் போய்க் கேட்டபோது புலத்தலைவர் அதே தாழ்ந்த குரலில், "அப்படியா? கவனத்துக்கு வரலையே மேடம். அந்த வாரம் கூட்டம் ஒண்ணு நீண்டுடுச்சு," என்றார்.

வாலு பட்டம் பெற்றாள். பெரிய எழுத்தில் பண்பாட்டுக் கல்வி, அடைப்புக்குறிக்குள் மெய்யியல், கீழே சின்ன எழுத்தில் வரலாறு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நேர்முகம் வரைகூடப் போகவில்லை; சான்றிதழைச் சரிபார்க்கும் சன்னலிலேயே, "பெரிய எழுத்துல இருக்கறதைத்தாம்மா பார்ப்போம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உடன் போயிருந்த தங்கை அன்றிலிருந்து அக்கா வீட்டுக்கு வருவதில்லை. சண்டையும் போடவில்லை. அழைத்தால் எடுக்கிறாள், உடம்பு எப்படி என்று கேட்டால், "இருக்கேன்க்கா," என்கிறாள்.

வாலுவுக்கு வேலை கொடுத்தது மேடத்தின் கணவர்தான். மனைவியிடம் கேட்கவில்லை, சேர்த்துக்கொண்ட பிறகு சொன்னார். "என் கடைக்கு எந்த எழுத்தளவும் வேணாம்," என்றார். கல்யாணமான இத்தனை ஆண்டுகளில் மேடத்தை அவர் குத்திப் பேசியது அது ஒன்றுதான்.

மேடம் இப்போது பண்பாட்டுக் கல்வித் துறையில் ஓர் அறையை வேறு இருவரோடு பகிர்ந்துகொள்கிறார். வகுப்பில் ஜன்னல் திட்டுகள் இன்னும் நிறைகின்றன. புதிய மாணவர்களும் அவரை முதன்மை மேடம் என்றே அழைக்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. வழி தவறி வருகிறவர்களுக்கு இப்போதும் தண்ணீர் கொடுக்கிறார். கேள்வி கேட்பதில்லை.

போன மாதம் வகுப்பில் மாணவர்களின் முகங்கள் மங்கலாகத் தெரியத் தொடங்கியதால், கண் பரிசோதிக்க அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கணவர் வெளியே போயிருந்த நேரம். பரிசோதனை அறை சின்னது. ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் ஒளி பின்னிருந்து விழும் எழுத்துப் பலகை. வாலு வந்து அவருடைய நெற்றியில் விரல் படாமல், கனத்த சோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மூக்கில் பொருத்தினாள். இடக்கண்ணை மறைத்தாள். கோலை எடுத்துப் பலகையின் உச்சியைத் தொட்டாள்.

"பெரிய எழுத்து தெரியுதா?"

"தெரியுதுடா. நீ எப்படிடா இருக்கே?"

கோல் ஒரு வரி இறங்கியது. "இது?"

"தெரியுது."

இன்னொரு வரி. இன்னொரு வரி. கடைசிக்கு முந்திய வரியில் எழுத்துகள் எறும்புகள்போல நகர்ந்தன. மேடம் முன்னால் சாய்ந்தார். சட்டம் மூக்கில் அழுத்தியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் சொல்ல வேண்டும் என்று நினைத்துவந்த ஒன்று இருந்தது.

"இல்லடா, அது வந்து..."

"சாயாதீங்க மேடம்," என்றாள் வாலு, எல்லா வாடிக்கையாளரிடமும் பேசும் அதே பொறுமையான குரலில். "பின்னால தள்ளி உக்காருங்க. கீழ சின்ன எழுத்து இருக்கு பாருங்க, அதைப் படிங்க."